முதல் இலக்கமும் 4,096 வாக்குகளும்

ஆசிரியருக்கு,

தேர்தல் முடிவு வந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் வந்துவிடுகிறது. எண்களின் முதல் இலக்கம் பற்றிய பென்ஃபோர்டு விதிப்படி, சாவடிவாரி வாக்கு எண்ணிக்கைகளில் சுமார் 30 சதவீதம் 1-ல் தொடங்க வேண்டுமாம், இங்கே அப்படி இல்லையாம், ஆகவே மோசடியாம். கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு சாவடியிலும் ஏறக்குறைய 800 பேர் வாக்களித்து, ஒருவர் அதில் பாதியளவு வாங்கினால், அவர் கணக்கு 3-லோ 4-லோதான் தொடங்கும். பத்து, நூறு, ஆயிரம் என்று பரந்து கிடக்கும் எண்களுக்கான விதி அது. ஒரே அளவுச் சாவடிகளுக்குப் பொருந்தாது.

அதற்காக, வாக்கு இயந்திரம் பிழையே செய்யாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2003-ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக ஏறின. அவர் பெற்றிருக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால்தான் பிழை மாட்டியது. 4,096 என்பது 2-இன் 12-ஆவது அடுக்கு. கணினி எந்த எண்ணையும் 0, 1 என்ற பிட்டுகளாகத்தான் சேமிக்கிறது; நினைவகத்தில் அப்படி ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1-க்குப் புரண்டால் போதும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காரணமாக இருக்கலாம் என்றுகூடப் பேசினார்கள். வேறொரு பிட் புரண்டு 256 வாக்குகள் மட்டும் கூடியிருந்தால் யார் கவனித்திருப்பார்கள்?

சரி, என்னதான் வழி? ஒவ்வொரு வாக்குக்கும் காகிதச் சீட்டு வேண்டும். அதைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கையால் எண்ண வேண்டும், அதுவும் முடிவை உறுதிசெய்வதற்கு முன்பே. வாக்கு வித்தியாசம் குறைவாக உள்ள இடங்களில் கூடுதல் சீட்டுகளை எண்ண வேண்டும். தொழில்நுட்பம் தெரியாத வாக்காளரும் சரிபார்க்க முடிய வேண்டும் என்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. வரைபடம் அனுப்பும் நண்பர்கள் இதைக் கேட்டால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஒரு வாசகர்