சிப்பாயை வீட்டு வேலையிலிருந்து விடுவியுங்கள்

பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் ராணுவத் தலைமையகத்துக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவனின் வணக்கம்.

அதிகாரிக்கு உதவியாளாக ஒரு சிப்பாயை ஒதுக்கும் சகாயக் முறையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தொடர்கிறதே என்றுதான் எழுதுகிறேன்.

சென்ற வாரம், விடுப்பில் வந்திருந்த ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். அக்னிவீரனாகச் சேர்ந்து, பயிற்சி முடித்து, பட்டாலியனுக்குப் போனவன். ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் ஓடிப் பழகிய நாளிலிருந்தே எனக்கு அவனைத் தெரியும். "ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், எப்படிச் சுடுகிறாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. பட்டாலியனில் அவன் இருக்கும் கம்பெனியே ஃபயரிங்குக்கு, அதாவது சுடும் பயிற்சிக்கு, போன அன்று இவன் அதிகாரியின் வீட்டில் இருந்திருக்கிறான். ராத்திரி அங்கே விருந்து. காலையிலிருந்து நாற்காலி இறக்கிப் போட்டு, கண்ணாடி டம்ளர்களைக் கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்து, விருந்தாளிகள் போன பிறகு நாயை வெளியே நடத்திக் கூட்டி வந்து, பாரக்குக்குத் திரும்பும்போது நடுநிசி தாண்டிவிட்டது. மறுநாள் ரேஞ்சு வேறு கம்பெனிக்கு. "அப்புறம் சுடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை. அவன் யூனிட்டோ அடுத்து எல்லைக்கு ஏறப் போகிறது. ஊரில் அம்மா கேட்டால் "டியூட்டி" என்று மட்டும் சொல்கிறானாம்.

எந்த யூனிட் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அடி அவனுக்குத்தான் விழும்.

அவன் ஏன் மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். 2022-ல் நீங்கள் கொண்டுவந்த அக்னிபாத் திட்டத்தில் அவனுக்கு இருப்பது நான்கே ஆண்டு. அதன் பிறகு நான்கில் ஒருவருக்கு மேல் நிரந்தரம் கிடையாது. அந்த ஒருவனாக அவன் வர வேண்டும் என்றால் மேலே இருப்பவர்கள் அவனைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும். வீட்டு வேலைக்கு மாட்டேன் என்றால் அந்த எழுத்துக்கு ஆபத்து. சரி என்று போனால் சுடும் பயிற்சி போகிறது. சிப்பாய்க்கு அதைவிட என்ன தகுதி வேண்டும்? இரண்டு பக்கமும் நஷ்டம் அவனுக்கு. நாளைக்குக் குண்டு பறக்கும் இடத்தில் நஷ்டம் அவனுக்கு மட்டும் அல்ல, பக்கத்தில் படுத்திருப்பவனுக்கும் சேர்த்துத்தான்.

ராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, மேலதிகாரியின் சட்டப்படியான கட்டளையை மீறுவதைக் குற்றம் என்கிறது. நாயை நடத்திப் போகச் சொல்வது சட்டப்படியான கட்டளையா இல்லையா என்று இருபது வயதுப் பையன் பாரக்கில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருக்க முடியுமா? 26-ஆம் பிரிவின்படி புகார் செய்யலாம். புகாருக்கு உரியவர் தன் கம்பெனி அதிகாரியே என்றால் அவருக்கு மேலே இருப்பவரிடம் போகலாம். ஆனால் அந்த மேலே இருப்பவர் வீட்டிலும் ஒரு சகாயக் நிற்கிறான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபீல்டில் அதிகாரியோடு ஒரே பங்கரில் கிடந்து, ரேடியோவைத் தூக்கி, அவருடைய ஆயுதத்தைத் தயாராக வைத்து, அவருக்குப் பாதுகாப்பாக நிற்பவனை நான் குறை சொல்லவே மாட்டேன். அது போர் வேலை. அவனும் அந்த அதிகாரியும் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள். என் காலத்தில் தன் பூட்ஸைத் தானே பாலிஷ் போட்டுக்கொண்ட அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக இன்றும் எழுந்து நிற்பேன். நான் பேசுவது போர்முனையில் இல்லாத பீஸ் ஸ்டேஷனில், குடும்பக் குவார்ட்டர்ஸில், சமையல்கட்டில் நடப்பதைப் பற்றி.

இதை முதலில் சொல்பவன் நான் இல்லை. 2008-லேயே பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, சுதந்திர இந்தியாவில் இடமே இருக்கக்கூடாத வெட்கக்கேடான வழக்கம் இது என்று சொல்லி, உடனே நிறுத்தச் சொன்னது. கடற்படையும் விமானப்படையும் இந்த முறை இல்லாமல்தான் நடக்கின்றன. 2017-ல் ஜவான்கள் தங்கள் குறைகளை வீடியோவில் பேசியபோது, குறைகளைப் புகார்ப் பெட்டியில் போடுங்கள் என்றார்கள். கீழ்த்தரமான வேலைகளுக்குச் சகாயக்குகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு இருப்பதாக ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது. உத்தரவு இருக்கலாம். அது நடக்கிறதா என்று எந்த வீட்டுக் கதவைத் தட்டி யார் பார்த்தார்கள்? தமிழ்நாட்டில் காவலரை அதிகாரி வீட்டு வேலைக்கு வைக்கும் காவல்துறை ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசாணை போட்டு ஒழித்தார்கள். 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதே விஷயத்தைக் கையில் எடுத்துக் கடிந்துகொள்ள வேண்டி வந்தது. கண்காணிக்க ஆள் இல்லாவிட்டால் காகிதத்தில் மட்டும்தான் ஒழியும்.

கோபமாகத்தான் இருக்கிறது. ஜனவரி 15, ராணுவ தினம் வந்தால் ஜவான் தெய்வம் என்கிறீர்கள். மேடைக்கு மேடை எல்லையைக் காப்பவன் என்று வணக்கம் வைக்கிறார்கள். உடல் கொடியில் சுற்றி வந்தால் ஊரே திரள்கிறது. உயிரோடு இருக்கும்போது காய்கறிப் பையைக் கையில் கொடுத்து அனுப்பினால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பயிற்சி முடிவில் சத்தியம் எடுக்கும் கசம் பரேடில் அவன் உயிர் போனாலும் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன் என்று சத்தியம் செய்தது நிலம், நீர், வான் எங்கே அனுப்பினாலும் போவதற்காக. அந்தச் சத்தியத்தை யாருடைய சமையல்கட்டுக்கும் இழுக்காதீர்கள்.

கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். குடும்பக் குவார்ட்டர்ஸிலிருந்து சிப்பாயை எடுங்கள். அதிகாரிகளின் குடும்பத்துக்கு உதவி தேவை என்றால் அதற்குத் தனிப்படி கொடுங்கள், அல்லது சம்பளத்துக்குச் சிவிலியன்களை வையுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. யூனிட்டுக்குச் சம்பந்தமில்லாத அதிகாரிகளை விட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்கச் சொல்லுங்கள். எந்தச் சிப்பாய் எந்த நாளில் ரேஞ்சுக்குப் போகவில்லை, அன்று எங்கே இருந்தான் என்று பதிவேட்டில் எழுத வையுங்கள். இந்தப் பையனின் யூனிட் எல்லைக்கு ஏறும் முன்பே இதைச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்