இளம் கோச்சிடம் அணியை முழுதாகக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பள்ளிகளும் கிளப்புகளும் ஹாக்கிக்கு இளம் கோச் ஒருவரைச் சேர்த்தால், முதலில் அவர் கையில் பந்துப் பையைத்தான் கொடுக்கின்றன. யார் ஆடுவது, யாரை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் மூத்தவர் முடிவு. இப்படி ஐந்து வருடம் கழிந்தாலும் அவருக்குக் கூம்பு அடுக்கத்தான் தெரிந்திருக்கும்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் கீழ் லீக்குகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஆட்டம் வேறுதான். அங்கே பனியில் கோல்கீப்பரோடு 6 பேர், நமக்கு டர்ஃபில் 11 பேர். ஆனால் கோச்சை வளர்க்கும் முறை நமக்கும் பொருந்தும்.

ஈ.சி.எச்.எல்., அதற்கு மேல் ஏ.எச்.எல்., உச்சியில் என்.எச்.எல். என்று மூன்று படிகள். அடியில் இருக்கும் ஈ.சி.எச்.எல். கோச்சுக்குத்தான் வேலை அதிகம். பருவத்துக்கு 72 ஆட்டம். உதவிக்குப் பெரும்பாலும் ஒரே ஒருவர். ஆட்டக்காரரைத் தேடிப் பிடிப்பதும், சம்பள வரம்புக்குள் அணியை அடக்குவதும் பல கிளப்புகளில் அவர் பொறுப்பே. நல்ல முன்கள வீரரை மேல் லீக் திடீரென்று அழைத்துக்கொள்ளும். அவரை நம்பிக் கட்டிய திட்டம் அன்றே சரியும். அதனால் அந்தக் கோச் ஆளை வைத்துத் திட்டம் போடுவதில்லை, வேலையை வைத்துப் போடுகிறார்: முதல் ஆள் ‘பக்’கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) வைத்திருப்பவரை நெருக்குவார், இரண்டாம் ஆள் துணைக்கு வருவார், மூன்றாம் ஆள் பின்னால் நின்று வழியை அடைப்பார். அந்த இடத்துக்கு யார் வந்தாலும் வேலை மாறாது.

பெனால்டி கார்னரில், அதாவது நம் கோலருகே நடந்த தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் அடியில், நம் தடுப்பு கெட்டுப்போவதும் இதே காரணத்தால்தான். கோல்கீப்பரோடு ஐந்து பேர் மட்டுமே தடுக்கலாம். முதலில் பாய்ந்து ஓடும் பையன் பரீட்சைக்குப் போய்விட்டால் அவன் ஓட்டம் வேறு யாருக்கும் தெரிவதில்லை. ஐந்து இடத்துக்கும் எண் கொடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பேரைப் பழக்கவேண்டும்.

பயிற்சியில் இன்னொரு தவறு. 16 பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருவருக்கு 15 விநாடி என்றால், ஒரு பிள்ளைக்கு 4 நிமிடத்துக்கு ஒரு தரம்தான் பந்து கிடைக்கும். நான்கு வரிசையாகப் பிரித்தால் நிமிடத்துக்கு ஒரு தரம். இதைத் தானே திட்டமிட்டு, எழுதி, தவறிப் பார்த்தால்தான் ஒரு கோச் கற்பார். வீடியோவும் அப்படியே: அரை மணி நேரம் காட்டினால் எதுவும் மனதில் நிற்காது. ஒரே விஷயத்தைப் பற்றி எட்டுத் துண்டுகள் போதும்.

கொலராடோ கோச் ஜாரெட் பெட்னார் 2009இல் ஈ.சி.எச்.எல். கோப்பையும், 2016இல் ஏ.எச்.எல். கோப்பையும் வென்றவர். என்.எச்.எல்.லில் அவருடைய முதல் பருவத்தில் அணி 48 புள்ளிகளோடு கடைசி இடம். கிளப் அவரை நீக்கவில்லை. 2022இல் அதே கோச் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை வென்றார். ஒரு மோசமான பருவத்துக்காக நாம் எத்தனை கோச்சுகளை இழந்திருக்கிறோம்! ஸ்பென்சர் கார்பெரி ஈ.சி.எச்.எல்.லிலும் ஏ.எச்.எல்.லிலும் தலைமைக் கோச்சாக இருந்தவர். பிறகு டொராண்டோவில் உதவிக் கோச்சாகவும் வேலை செய்து, என்.எச்.எல். தலைமைக் கோச்சானார். மூன்று லீக்குகளிலும் சிறந்த கோச் விருது அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஜான் கூப்பரோ தொழில்முறை ஹாக்கி ஆடியதே இல்லை. வழக்கறிஞராக இருந்து பள்ளி அணியில் தொடங்கியவர், டாம்பா பே அணியோடு 2020, 2021 இரண்டிலும் கோப்பை வென்றார். மாகாண அணிக்கு ஆடியவர்தான் கோச்சாகலாம் என்று நம்மிடையே சொல்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

நாம் கேட்பது பெரிய செலவில்லை. 14 வயதுக்குட்பட்டோர் அணியையோ இரண்டாம் அணியையோ ஓர் இளம் கோச்சிடம் இரண்டு பருவத்துக்கு முழுதாகக் கொடுங்கள்: தேர்வு, பயிற்சித் திட்டம், ஆள் மாற்றம், பெற்றோரிடம் பேசுவது எல்லாமே. மூத்தவர் ஆட்டத்தின்போது கோட்டருகே நின்று சத்தம் போடாமல் பார்வையாளர் இருக்கையில் உட்காரட்டும். ஆட்டம் முடிந்த மறுநாள், எழுதிவைத்த திட்டத்தை எடுத்து இருவரும் அரை மணி நேரம் பேசட்டும். அடுத்த குளிர்காலப் பருவத்துக்குக் கோச்சுகளை நியமிக்கும் முன்பே கிளப் செயலாளர்கள் இதை முடிவு செய்யவேண்டும். பருவம் தொடங்கிய பிறகு யாரும் அணியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஹாக்கி வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்