பீலித் தண்ணீர் தெளிந்துவிட்டது: மலையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டிய மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி என்று இலங்கையின் மலைநாடு முழுவதும் சரிவுகள் பெயர்ந்தன. பாதை இருந்த இடத்தில் பாதை இல்லை. அந்தச் சேற்றில் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தே வந்தீர்கள். பெயர் சொல்லி நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் உங்களில் பாதிப் பேர் பெயரைச் சொல்லாமலே இறங்கிப் போய்விட்டீர்கள். அதனால் நீங்கள் செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். கூடவே நீங்கள் கற்றுத்தந்ததை அளவு தப்பாமல் எழுதுகிறோம். அடுத்த மழைக்கு முன் இன்னொரு தேயிலைத் தோட்டத்துக்கும் அது போய்ச் சேரட்டும்.

முதல் நன்றி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்கும், அவரோடு வாளியும் பிரஷுமாக நின்ற இளைஞர்களுக்கும். நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே உள்ள ஊற்றுத் தொட்டி வாய்வரை சேறு. அதை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவியபோது கண்ட ஒன்று எங்கள் தோட்டத்துக்கு இந்தப் பேரிடர் கொடுத்த பெரிய நன்மை என்றே சொல்வோம். தண்ணீர் முழுவதும் ஊற்றுக்கண்ணிலிருந்து வரவில்லை. மேற்குச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் வழியே மேல் லயத்து (வரிசை வீடுகளின்) கான் (வடிகால்) தண்ணீர் கசிந்து தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலம் வந்தால் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும், நாமும் "குளிர்" என்று சொல்லி மல்லித்தண்ணி கொடுப்போம். காரணம் அந்தச் சுவரில் இருந்தது. வெடிப்பைச் சீமெந்து பூசி அடைத்து, ஊற்றுக்கு மேலே 8 மீற்றர் தள்ளி ஒரு மறிகான் வெட்டி, மேல் தண்ணீரை வேறு பக்கம் திருப்பித் தந்தீர்கள்.

தொட்டிக்கு மருந்து போடும் விதத்தில்தான் பல இடங்களில் பிழை நடக்கிறது. அதனால் முழுவதையும் எழுதுகிறோம். குளோரின் 33 வீதம் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால், 1000 லீற்றர் தொட்டியை முதல் தடவை சுத்திகரிக்க 150 கிராம் வேண்டும். பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டக்கூடாது. சுண்ணாம்பு கட்டிகட்டியாக அடியில் போய்ப் படுத்துவிடும், தண்ணீரில் மருந்து கலக்காது. முதலில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, பிறகு 10 லீற்றராகக் கரைத்து, கால் மணித்தியாலம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். பிறகு எல்லாப் பைப்பையும் மருந்து வாசனை வரும்வரை திறந்து, மூடி, ஓர் இரவு விட வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரை ஓடையில் விடாமல் தரையில் விடுங்கள், இல்லாவிட்டால் மீன் செத்துவிடும். அதற்குப் பிறகு குடிதண்ணீருக்கு 1000 லீற்றருக்கு 6 கிராம் போதும், அரை மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் எவ்வளவு மருந்து போட்டாலும் சேறு அதை விழுங்கிவிடும். ஆகவே மணல் வடியோ நாலு மடிப்புத் துணியோ முதலில், மருந்து பிறகு. திறந்துவைத்த பவுடர் மலை ஈரத்தில் கிழமைக்குக் கிழமை வலுவிழக்கும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

சேற்றில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்த தாதிமாருக்கும் நன்றி. காலில் வெட்டுக்காயம் உள்ளவரைச் சேறு அள்ள விடாமல் திருப்பி அனுப்பியதற்குத் தனியாக ஒரு நன்றி. அன்று சிலருக்குக் கோபம் வந்தது உண்மை.

அடுத்தது கான். இங்கேதான் நிறையச் சொல்ல இருக்கிறது.

பல்கலைக்கழகப் பிள்ளைகளும், பென்சன் வாங்கி வீட்டிலிருந்த பழைய கங்காணிமாரும் ஒன்றாக மலையில் நின்றதைப் பார்த்தோம். மண் ஏன் சரிந்தது என்று பிள்ளைகள் விளக்கினார்கள். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கித் துளைகளை நிரப்பும்போது மண்ணின் பாரம் கூடுகிறது, மண்ணை மண் பிடிக்கும் பிடி தளர்கிறது. ஆகவே காக்க வேண்டியது தண்ணீரின் வழியை. இதைக் கேட்ட ஒரு பெரியவர், "அதுக்குத்தானே தம்பி வெள்ளைக்காரன் காலத்திலயே கான் வெட்டினது" என்றார். தேயிலை மலையில் குறுக்கே போகும் கான் 120 அடிக்கு 1 அடி இறக்கமாக இருக்க வேண்டும். இறக்கம் கூடினால் தண்ணீர் கானின் அடியையே அரித்துக்கொண்டு ஓடும். குறைந்தால் மண் படிந்து தூர்ந்துவிடும். தூர்ந்த கான், கான் இல்லாததைவிட மோசம். மலை முழுவதும் பரவி வழிய வேண்டிய தண்ணீரை அது ஒரே இடத்தில் கூட்டிக் கொட்டும். எங்கள் கீழ் மலையில் பள்ளம் பறிந்தது சரியாக அப்படி ஓர் இடத்தில்தான்.

இறக்கம் பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை என்று காட்டிக்கொடுத்தீர்கள். மூன்று கம்பை ஏ எழுத்துப் போலக் கட்ட வேண்டும், இரண்டு காலுக்கும் இடையே சரியாக 2 மீற்றர். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால், நூல் குறுக்குக் கம்பைத் தொடும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறிக்க வேண்டும். இரண்டு குறிக்கும் நடுவில் உள்ளதுதான் மட்டம். இனி, தண்ணீர் போகும் பக்கத்துக் காலின் அடியில் 1.7 சென்றிமீற்றர் கனமுள்ள பலகைத் துண்டைக் கட்டிவிட்டால், நூல் மட்டக் குறியில் நிற்கும் இடமெல்லாம் 120க்கு 1 இறக்கம். காற்று வீசும் மலையில் சின்னக் கல் ஆடிக்கொண்டே இருக்கும். முஷ்டியளவு கல் கட்டுங்கள், ஆட்டம் நின்ற பிறகு பாருங்கள்.

கூரைத் தண்ணீரை இதுவரை ஒருவரும் கணக்குப் பார்த்ததில்லை. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். 30 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலமுள்ள லயத்துக் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 21,000 லீற்றர். அதில் பாதி லயத்துக்குப் பின்னால், வெட்டி எடுத்த மண் சுவரின் காலடியில் விழுகிறது. வருடக்கணக்காக அப்படி விழுந்திருக்கிறது. கூரை ஓரத்தில் தகரப் பீலி பூட்டி, பைப் வைத்து, தண்ணீரை முன்பக்கக் கானில் சேர்த்துத் தந்த பாஸ்மாருக்கு (கைவினைஞர்களுக்கு) நன்றி. கூலியை நீட்டியபோது கையை மடக்கிவிட்டீர்கள்.

மழைமானி போத்தல் எங்கள் பிள்ளைமடுவத்து (குழந்தைக் காப்பகத்து) வாசலில் நிற்கிறது. பக்கம் நேரான ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலாகப் பார்த்து, மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல்போல உள்ளே செருக வேண்டும். அடியில் வளைவு முடியும்வரை கூழாங்கல் போட்டு, அதற்கு மேல் தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியமாக வைத்து அடிமட்டம் ஒட்ட வேண்டும். மரம், கூரை எதன் உயரத்திலும் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். வெயில் நாளில் பூச்சியத் தண்ணீர் வற்றிவிடும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் அடுத்த மழை குறைவாகக் காட்டும். பெருமழை நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்து, எழுதி, பூச்சிய மட்டம்வரை வெளியே ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் போத்தல் நிரம்பி வழிந்து கணக்குப் போய்விடும். வானிலை அவதான நிலையம் போலவே காலை 8.30க்கு 24 மணித்தியாலக் கணக்கை முடிக்கிறோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு லயச் சுவரில் பெயின்ட்டால் எழுதியிருக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேறுதல்.

இந்தப் போத்தல் சொன்ன புதினம் ஒன்று உண்டு. மலை முதுகுக்கு அந்தப் பக்கம் வைத்த போத்தலும் இந்தப் பக்கம் வைத்த போத்தலும் ஒரே நாளில் ஒரே அளவைக் காட்டுவதில்லை. டவுனில் உள்ள மானியை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்பது அதில் விளங்கியது. கீழே ஆற்றோரத்துச் சிங்களக் கிராமத்தாரும் ஒரு போத்தல் வைத்திருக்கிறார்கள். மேலே பெய்கிறதை நாங்கள் சொல்கிறோம், ஆறு ஏறுகிறதை அவர்கள் சொல்கிறார்கள். புயலுக்கு முன் எங்களுக்குள் சந்தையில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். முதல் மூன்று நாளும் பன்சலை (பௌத்த விகாரை) மண்டபத்தில் எங்களைப் படுக்கவைத்தது அந்தக் கிராமம். ஸ்தூதி (சிங்களத்தில் நன்றி) சொல்லி முடியாது.

நில வெடிப்பைப் பற்றி ஆராய்ச்சி நிறுவனத்து உத்தியோகத்தர்கள் சொன்னது: வெடிப்பைக் களிமண் போட்டு இடித்து அடைத்து, பொலித்தீன் போர்த்துங்கள், தண்ணீர் உள்ளே இறங்கக்கூடாது. இரு பக்கமும் முளையடித்து, முளைத் தலையில் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி டேப்பால் அளந்து காலையும் மாலையும் எழுதுங்கள். அளவு கூடினால் அங்கே நிற்கக்கூடாது. தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது, ஓடைத் தண்ணீர் மழைக்குள்ளேயே குறைவது, கதவு நிலையில் இறுகுவது, மரம் சாய்வது, இவற்றில் எது கண்டாலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள். 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மலைநாடு மறக்கவில்லை. போத்தலும் முளையும் உயிரோடு வெளியேற உதவும். போய் இருக்க உறுதியான நிலம் வேண்டும் என்ற கேள்விக்கு அவை பதில் இல்லை. அந்தக் கேள்வியை எங்களோடு சேர்ந்து கேட்கிறவர்களுக்கும் இந்த மடலில் நன்றி.

நனைந்த பத்திரங்களைக் காப்பாற்றித் தந்த ஆசிரியைமாரே, ஒட்டிப்போன தாள்களைப் பிரிக்க விடாமல் தடுத்தீர்கள். சேற்றைச் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, இடையில் எழுதாத வெள்ளைத் தாள் வைத்து, நிழலில் காற்றாட வைத்தீர்கள். வெயிலில் போட்டால் தாள் சுருண்டு மை மங்கும், பழைய பத்திரிகைத் தாள் வைத்தால் அதன் மை இதில் ஏறும். இரண்டு நாளுக்குள் பார்க்க முடியாதவற்றைக் கடைக்காரரின் ஐஸ்பெட்டியில் உறையவைத்தீர்கள். அப்படி உலர்த்தும்போதுதான் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) அட்டையில் இன்னொரு பெயர் என்று வரிசையாக வெளிவந்தது. "லெட்சுமி" ஒன்றே நாலு விதமாக எழுதப்பட்டிருந்தது. ஓய்வுபெறும் நாளில் கவுண்டரில் நின்று அழ வேண்டியதை இப்போதே கண்டுபிடித்து, திருத்த விண்ணப்பமும் நிரப்பித் தந்தீர்கள்.

பள்ளிவாசலிலிருந்து பெரிய சட்டிகளைத் தூக்கிவந்து சமைத்த நானாமாருக்கு: 100 பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி 12 கிலோ, பருப்பு 3 கிலோ என்ற உங்கள் கணக்கு ஒரு நாளும் பிசகவில்லை. உடுப்பு அனுப்பியவர்களுக்கும் நன்றி. இனி எங்காவது அனுப்ப நேர்ந்தால் பழைய உடுப்பைக் குறைத்து, றப்பர் செருப்பு, புதிய உள்ளாடை, பெண்களுக்கான நப்கின், டோர்ச், மம்பட்டி அனுப்புங்கள். முதல் கிழமையில் மம்பட்டிக்குத்தான் பெரிய தட்டுப்பாடு.

கடைசியாக, வெட்டிவேர் நாற்று கொடுத்தவர்களுக்கு. குழிக்கு 3 நாற்று, குழிக்குக் குழி 15 சென்றிமீற்றர், கான் ஓரமாகச் சமமட்டத்தில் நட்டிருக்கிறோம். இடைவெளி விட்டு நட்ட ஒரு வரிசையில் தண்ணீர் அந்த இடைவெளியாலேயே புகுந்து மண்ணைக் கொண்டுபோனது, அதை மறுபடி நெருக்கி நட்டாயிற்று. தூர் பெருகியதும் பிரித்துத் தருவோம். வேண்டிய தோட்டத்தார் மழை தொடங்கும் நேரத்தில் ஈரச் சாக்கோடு வாருங்கள். இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய் இரண்டு மூன்று நாளுக்குள் நட்டுவிட வேண்டும். ஏ எழுத்துச் சட்டம் கோயில் மண்டபத்தில் சாத்தியிருக்கிறது, அதையும் இரவலாகக் கொண்டுபோகலாம்.

இப்படிக்கு,
மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் மக்கள்