ஓடை கலங்கிய மத்தியானம்

மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அங்கேயும் அப்படித்தான் இருப்பீர்கள். மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இப்போது சொல்ல வேண்டியது வேறு.

சனிக்கிழமை நம் ஓடைக்குப் போனேன், இந்த வருஷத்தில் முதல் தடவையாக. நிழல் விழும் கரையில் இன்னும் பனி கிடக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் தண்ணீரில் வெப்பமானியை விட்டால் 4 டிகிரி. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. இரண்டு மணி நேரம் ஒரு கடி இல்லை. அந்தக் குளிரில் டிரவுட் மீன் மடுவின் அடியில் அசையாமல் கிடக்கும், இரை வாய்க்கு நேரே வந்தால்தான் தொடும். இருட்டோடு என்னை எழுப்பி இழுத்துப் போவாயே, அந்தப் பிடிவாதத்தை வசந்தம் முற்றும் வரையாவது விட்டுவிடு. வாத்தியார் அப்போதே சொன்னார், முதுகில் வெயில் சுட்ட பிறகு தூண்டிலை எடு என்று. நீதான் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு 7 டிகிரி. கறுப்பு ஸ்டோன்ஃபிளை பூச்சிகள் பனிமேல் ஊர ஆரம்பித்துவிட்டன. மீன் நீரோட்டத்தைப் பார்த்துத்தான் நிற்கும் என்பதால் கீழேயிருந்து முட்டி போட்டுப் போய், பெரிய பாறைக்கு மேலே நீர்ப்பூச்சிக் குஞ்சு மாதிரிக் கட்டிய நிம்ஃப் தூண்டில் ஒன்றை விழவிட்டேன். மிதந்து வந்த தூண்டில் நரம்பு சட்டென்று நின்றது. ஒரு சாண் பிரௌன் டிரவுட்! கையை நனைத்துக்கொண்டு பிடித்தேன். மஞ்சள் வயிறு, சிவப்புப் புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம். முள்ளை எடுத்ததும் ஒரு நொடி உள்ளங்கையில் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனது.

இரண்டரை மணிக்கு எல்லாம் மாறிவிட்டது. வெயிலில் மேலே உருகிய பனி வந்து சேர்ந்து, தண்ணீர் நாலு விரல் ஏறியது. வெயில் காய்கிறது, தண்ணீரோ 5 டிகிரிக்கு இறங்குகிறது. இதெல்லாம் வருஷாவருஷம் பார்ப்பதுதான். ஆனால் இந்தக் கலங்கலை நான் பார்த்ததில்லை. முழங்காலளவு தண்ணீரில் என் பூட்ஸ் தெரியவில்லை.

மனசு கேட்காமல் மறுநாள் காலை தண்ணீர் தெளிந்ததும் திரும்பப் போனேன். நாம் மிதிக்காமல் சுற்றிப் போவோமே, அந்தச் சரளை மேடு, அதன்மேல் வண்டல் போர்த்திக் கிடக்கிறது. விரலை வைத்தேன், புகை மாதிரி எழும்பியது. இலையுதிர் காலத்தில் அங்கே டிரவுட் வாலால் குழி பறித்து முட்டையிட்டதை இரண்டு பேரும் பார்த்தோம். அந்த முட்டைகள் பொரிந்து, வயிற்றில் மஞ்சள்கருப் பையோடு குஞ்சுகள் இப்போது கல்லுக்கடியில்தான் இருக்கும். கல் இடுக்கில் ஓடும் தண்ணீர்தான் அவற்றுக்கு மூச்சு. இடுக்கு அடைத்தால் என்ன ஆகும், சொல்? ராத்திரி தூக்கம் வரவில்லை.

எங்கிருந்து மண் வருகிறது என்று மேலே ஏறிப் பார்த்தேன். வளைவில் கரையோர மரங்களை யாரோ மொத்தமாக வெட்டியிருக்கிறார்கள். வேர்ப்பிடி போய் மண் சரிந்து கிடக்கிறது. மண்ணோடு நின்றால்கூடப் பரவாயில்லை, நிழலும் போச்சு. கோடையில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட் திணறும். தண்ணீர் சூடாக ஆக அதில் பிராணவாயு குறையும். அந்த வளைவுக்குக் கீழே மூன்று மடு இருக்கிறது, உனக்கே தெரியும்.

அதனால் ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். வில்லோ மரக் குச்சிகளைத் துளிர் விடுவதற்கு முன்னே வெட்டி ஈரக்கரையில் ஆழமாகக் குத்தினால் அதுவாகவே வேர் பிடிக்கும். அந்த நிலம் யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்காமல் கை வைக்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாளில் வளைவு முழுக்க நட்டுவிடலாம். மொட்டு இன்னும் இறுகித்தான் இருக்கிறது, அடுத்த வாரம் எப்படி இருக்குமோ. இந்தச் சனிக்கிழமையே வா. தூண்டில் வேண்டாம். போன வருஷம் எடுத்துப் போன என் கடப்பாரையைக் கொண்டு வா.

உன்,
மச்சான்