கைராசி இல்லை என்று சொல்லாதே, கயல்

பெரம்பூர், சென்னை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். புத்தாண்டுக்கு வேப்பம்பூப் பச்சடி வைத்தபோது உன் நினைவாகவே இருந்தாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலிருந்து போனில் நீ சொன்னது மனத்தில் தைத்துக்கொண்டே இருக்கிறது. எலுமிச்சைத் துளசி விதை போட்டு மூன்று வாரம் ஆகியும் ஒன்றுகூடத் தலை காட்டவில்லை, எனக்குக் கைராசியே இல்லை அப்பா என்றாய். இதற்கும் கைராசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கண்ணம்மா. விரல் நுழைகிற அளவு குழி தோண்டிப் போட்டதாக நீயே சொன்னாய். அவரைக்கும் வெண்டைக்கும் அது சரி. இந்த விதை எள்ளில் பாதிகூட இராது. அத்தனை ஆழத்திலிருந்து மேலே வர அதனிடம் சத்து ஏது? நானும் முதல் வருடம் இதே தவற்றைத்தான் செய்தேன். அங்குல ஆழத்தில் போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் மண்ணுக்குள்ளேயே மக்கிப்போயிற்று.

ஒரு காரியம் செய்து பார். வெள்ளைத் தட்டில் நாலைந்து விதையைப் போட்டு மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. சில நிமிடங்களில் ஒவ்வொரு கறுப்புப் புள்ளியைச் சுற்றியும் கண்ணாடி போல ஒரு வழவழப்பு ஊறி வரும். சர்பத்தில் நீ கரண்டி கரண்டியாகக் கேட்டு வாங்கிக் குடித்த சப்ஜா விதைக்கு இது நெருங்கிய சொந்தம். சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சையின் விதை. அந்தத் திருநீற்றுப்பச்சையும் நாய்த்துளசியும் கலந்து பிறந்ததுதான் இந்த எலுமிச்சைத் துளசி. முளைக்கும்வரை ஈரத்தைத் தன்னைச் சுற்றிப் பிடித்துவைத்துக்கொள்ளத்தான் விதைக்கு அந்த வழவழப்பு. அதனால் முன்கூட்டி ஊறவைக்காதே, விரலிலேயே ஒட்டிக்கொள்ளும், மண்ணில் தூவ வராது. உலர்ந்த விதையை ஈர மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டு, தென்னை நார்த்தூளைச் சல்லடையில் சலித்து மெல்லிசாகப் போர்த்தினால் போதும். இந்தச் சூட்டில் எனக்கு நான்காம் நாளே முளைத்துவிடுகிறது. உனக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். தொட்டி குளிர்ந்த ஜன்னலோரம் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடமாகப் பார்த்து வை.

முளைத்து வரும் முதல் இரண்டு இலைகளைப் பார்த்து, இது வேறு ஏதோ செடி என்று பிடுங்கிவிடாதே. அரைவட்டமாக, பாதி நிலா இரண்டை எதிரெதிரே வைத்தது போல இருக்கும். மணமும் அவ்வளவாக இராது. அடுத்த ஜோடி இலை வந்த பிறகு விரலால் வருடிப் பார். எலுமிச்சைத் தோலைக் கீறியது போல அடிக்கும். எலுமிச்சைப் புல்லில் உள்ள சிட்ரால் என்ற அதே மணப்பொருள்தான் இதிலும்.

இந்தப் பருவத்தில்தான் மிகவும் கவனம் வேண்டும். காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மாலையில் அடித்தண்டு நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல். ஈரம் தேங்கியும் காற்றில்லாமலும் இருந்தால் வருவது. மேலே தண்ணீர் ஊற்றாமல், தொட்டியைத் தட்டில் வைத்துத் தட்டில் ஊற்று. மண் தேவையானதை உறிஞ்சிக்கொள்ளும், மிச்சத்தைக் கொட்டிவிடு. நம் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளை பூத்துவிடுகிறது. அதனால் நாற்றுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரைக் குடத்தில் தனியாக எடுத்துவைக்கிறேன். அம்மா முதலில் கோபித்துக்கொண்டாள். இப்போது அவளே எடுத்துவைக்கிறாள்.

ஹாம்பர்க்கில் மே நடுவில் கடைசிப் பனி போகும்வரை யாரும் செடியை வெளியே வைப்பதில்லை என்றாயே, அதை அப்படியே கேள். இது பனி தாங்காது. அதே நாட்களில் இங்கே அக்கினி நட்சத்திரம். அங்கே நீ செடியை வெயிலுக்குக் கொண்டுபோகும்போது, இங்கே நான் மாடியில் பச்சை வலை கட்டி வெயிலை மறைத்துக்கொண்டிருப்பேன். ஒரே செடிக்கு!

நான்கு விரல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு. மனம் வராதுதான், ஆனாலும் கிள்ளு. கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியாக வளர்ந்து சீக்கிரமே பூத்துவிடும், இலை சிறுத்துப்போகும். கிள்ளியதை ரசத்தை இறக்கிய பிறகு போடு. கொதிக்கும்போது போட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும்.

ஆனால் ஒரு செடியையாவது பூக்க விடு, கயல். அடுக்கடுக்காகச் சின்ன வெள்ளைப் பூ. போன தை மாதம் காலை ஒன்பது மணி வெயிலில் நம் மாடிச் செடியில் கொசுத்தேனீக்கள் மொய்த்ததை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒவ்வொரு பூவுக்குள்ளும் தலையை நுழைத்து, பின்னாலேயே வெளியே வந்து, அடுத்ததற்குப் போகும். பூ உதிர்ந்து கதிர் பழுப்பானதும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினால் விதை நிற்கும். ஒரு பூவுக்கு நான்கு விதை. ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கட்டி, தேதி எழுதி, அலமாரியில் உன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்திருக்கிறேன்.

மீதி விதையைத் தூக்கிப் போட்டுவிடாதே. அதிலிருந்து பத்தை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த காகிதத்தில் மடித்து, ஒரு டப்பாவில் மூடி வீட்டுக்குள் கதகதப்பாக வை. ஒரு வாரம் கழித்துத் திற. பத்தில் எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணி, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். ஆறு ஏழு வந்திருந்தால் விதை நல்ல விதைதான், அன்றைக்கே தொட்டியில் தூவிவிடு. ஒன்றிரண்டுதான் என்றால் விதை பழசு, அங்கேயே புதிதாக ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா