எட்டு போடக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர்களுக்கு

திருநெல்வேலி வட்டாரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மாஸ்டர்களுக்கு வணக்கம்.

26 வருஷம் லாரி ஓட்டியவன் நான். தாழையூத்து சிமெண்ட், தூத்துக்குடி ஹார்பர் லோடு, கடைசியில் ஆலங்குளம் பக்கம் டிப்பர். போன மாதம் என் தங்கச்சி மகள் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் எடுத்தாள். கால் ஊன்றாமல் எட்டு போட்டாளாம். சந்தோஷம். "லாரிக்கு எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லித் தந்தாவளாட்டி?" என்று கேட்டேன். முழித்தாள்.

மறுநாள் ஷெட்டில் நின்ற டிப்பரில் டிரைவர் சீட்டில் அவளை ஏற்றி உட்கார வைத்தேன். அவள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் கேபினின் இடது கதவுக்குக் கீழே நிறுத்தினேன். "எங்க மாமா, வண்டியக் காணோம்?" கழுத்தை நீட்டினாள், சீட்டை விட்டு எழுந்தும் பார்த்தாள். கண்ணாடியில் ஹேண்டில்பார் நுனி மட்டும் தெரிந்ததாம். பம்பருக்கு முன்னால் நான் குனிந்து நின்றேன், என்னையும் காணோம்.

வலதுபக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு இடதுபக்கம் அப்படித்தான். முன்பெல்லாம் கிளீனர் பையன் தலையை நீட்டி "ஹோல்டான்" என்று கத்துவான். இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது.

டிரெய்லர் இன்னும் மோசம். இடதுபக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் வலதுபக்கம் ஒதுங்கித்தான் வளைக்க முடியும். கங்கைகொண்டான் பக்கம் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், 'நமக்குத்தான் வழி விடுகிறான்' என்று அந்தச் சந்தில் பைக்கை நுழைப்பார்கள். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். லோடு வண்டி நினைத்த இடத்தில் நிற்கவும் செய்யாது.

நாங்களும் யோக்கியமில்லை. 'ஓவர்டேக் எடுத்துக்கோ' என்பதற்கும் வலது இண்டிகேட்டர், திரும்புவதற்கும் வலது இண்டிகேட்டர். புதுசாக ஓட்டுகிற பிள்ளைக்கு எப்படி விளங்கும்? அதை நம்பி ஏறக் கூடாது என்றும் சொல்லிக்கொடுங்கள்.

எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழித்துத்தானே டெஸ்ட். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஆளுக்குப் பத்து நிமிஷம் அந்த சீட்டில் உட்காரட்டும். அன்றைக்கு ஷெட்டில் வண்டிகள் சும்மாதான் நிற்கும், ஓனர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். காசு எதுவும் வேண்டாம். வரும்போது ஒரு ஸ்கூட்டரும் கொண்டுவாருங்கள், இடதுபக்கம் நிறுத்திக் காட்ட.