மாமாவுக்கு, 'தி ஃபால்' பார்த்த ராத்திரி

மாமா,

தலைத்தெவசத்துக்கு நான் வரலை. தப்பா எடுத்துக்காதீங்க. வந்திருந்தா உங்களைப் பத்தி நாலு வார்த்தை பேசச் சொல்லியிருப்பாங்க, என் வாயில வேற ஏதாவது வந்திருக்கும். அதுக்குப் பதிலா, வருஷக்கணக்கா நச்சரிச்சீங்களே, 'தி ஃபால்' படம், அதைப் பார்த்தேன்.

கண்ணுக்கு விருந்துதான், ஒத்துக்கறேன். அபாநேரி படிக்கிணறு, ஜோத்பூரோட நீல வீடுகள், அந்தமான் கடல்ல நீந்துற யானை. டைரக்டர் தர்செம் சிங் சொந்தக் காசைப் போட்டு, நாலு வருஷம் இருபதுக்கு மேல நாடு சுத்தினது வீண் போகலை. எய்கோ இஷியோகாவோட உடுப்புகளைப் பத்தி நீங்க அடிச்சுக்கிட்டதும் மிகையில்லை.

ஆனா ஆஸ்பத்திரியில நடக்க முடியாம கிடக்கற ராய், ஒரு சின்னப் பொண்ணுக்குச் சொல்ற கதையைப் பாதியில நிறுத்தி, அவளை மார்ஃபின்ங்கற வலிமருந்தை எடுத்துட்டு வரச் சொன்னானே, அங்க நானும் படத்தை நிறுத்திட்டேன்.

மாடி ரூம். இளவரசன் கிணத்துக்குள்ள பாதி இறங்கியிருப்பான். நாலா மடிச்ச சீட்டை நீட்டுவீங்க. "மருந்துக்கடைக்கு ஓடிட்டு வா, அதுக்குள்ள அவன் தண்ணியத் தொட்டுடுவான்." செருப்புகூடப் போடாம ஓடுவேன். ஒருநாள் கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெறுங்கையோட அனுப்பிட்டார். நீங்க திட்டலை. சுவர்ப்பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டீங்க, அவ்வளவுதான். சீட்டுல என்ன இருந்ததுன்னு இங்க எழுத மாட்டேன்; சித்தியும் படிக்கிற இடம் இது.

உங்களை மாதிரி கதை சொல்ல இன்னிவரைக்கும் யாரும் எனக்குக் கிடைக்கலை. அதுதான் கோவமே.

ராயா நடிச்ச லீ பேஸுக்கு நிஜமாவே நடக்க வராதுன்னு, அந்தப் பொண்ணா நடிச்ச குழந்தை கட்டின்கா உண்டாருவை நம்ப வெச்சுத்தான் ஆஸ்பத்திரிக் காட்சிகளை எடுத்தாங்களாமே. அவ முகத்துல பொய்யே இல்லாததுக்கு அதுதான் காரணம். படத்துல ஆகச் சிறந்தது அந்த முகம். அதை வாங்கின விதம்தான் எனக்குச் செரிக்கலை. ராய் செஞ்சதையேதானே டைரக்டரும் செஞ்சிருக்கார்?

மருந்தெடுக்கப் போய் விழுந்து அந்தப் பொண்ணு மண்டை உடைஞ்சு கிடக்கறா, ராய் குடிச்சுட்டு கதையில இருக்கறவங்களை ஒவ்வொருத்தரா சாகடிக்கிறான். நாம இவனுக்காக அழணுமாம். அழுதேன், அது வேற விஷயம். ஆனா அவ விடலை, கதை எனக்கும் சொந்தம்னு மல்லுக்கு நிக்கறா. அந்த வயசுல எனக்கு அந்த வாய் இல்லை மாமா.

2024ல 4கேல புதுப்பிச்சு விட்டிருக்காங்க. மங்கின காப்பியைப் பார்த்தே அவ்வளவு கொண்டாடினவர் நீங்க. இப்ப இருந்தா இன்னொரு தடவை பாருன்னு உயிரை எடுத்திருப்பீங்க. முழுசா முடியாது. ஜோத்பூர் வர்ற இடத்தை வேணா பார்க்கறேன், சத்தத்தை நிறுத்திட்டு.